தேதி நெருங்கினாலே வலிப்பு வருவது ஏன்?

கேள்வி: எனக்கு 27 வயது. வலிப்புக்கு ஒருவேளைகூடத் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆனாலும் மாதவிடாய்க்கு ஓரிரு நாள் முன்பு வலிப்பு வந்துவிடுகிறது. தம்பிக்கும் வலிப்பு உண்டு, அவனுக்கு இப்படி நாள் கணக்கெல்லாம் இல்லை. வீட்டில் "பயந்து பயந்தே வரவழைத்துக்கொள்கிறாய்" என்கிறார்கள். டாக்டர், அது நிஜமா?

பதில்: இல்லை. உங்கள் கணக்குதான் சரி. வலிப்புள்ள பெண்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இந்த மாதக் கணக்கு உண்டு.

மூளைச் செல்லின் சவ்வில் அயனிக் கால்வாய்கள் என்ற நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. சோடியம் உள்ளே பாய்ந்தால் செல் துள்ளும், குளோரைடு நுழைந்தால் அடங்கும். குளோரைடு வாசலைத் திறக்கும் சாவி, காபா என்ற மூளை வேதிப்பொருள். மாதச் சுழற்சியின் பின்பாதியில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறும்போது, அதிலிருந்து அல்லோபிரெக்னனோலோன் என்றொரு பொருள் உண்டாகிறது. அது அதே வாசலில் வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு, கதவைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. கிட்டத்தட்ட உடம்பே தயாரிக்கும் தூக்க மருந்து! மாதவிடாய் நெருங்கியதும் புரோஜெஸ்டிரோன் சரசரவென இறங்கிவிடும். தினமும் சாப்பிட்ட தூக்க மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் எப்படியோ, அப்படித்தான் மூளைக்கும்: அடக்கம் குறைந்து, செல்கள் துள்ளி வலிப்பு வருகிறது. பெண் எலிகளில் பார்த்தபோது, இந்த இறக்கத்தில் வாசலின் பாகங்களே மாறி, வழக்கமான சில மருந்துகளுக்கு அது மசியாமல் போனது.

தம்பியின் மூளையிலும் அந்தப் பொருள் உண்டு. ஆனால் மாதாமாதம் ஏறி இறங்குவதில்லை. ஆய்வுக்கூடங்களில் வெகுகாலம் ஆண் எலிகளையே அதிகம் வைத்துக்கொண்டார்கள், பெண் எலியின் சுழற்சி கணக்கைக் குழப்புமாம்! உங்கள் விஷயத்தில் அந்தக் 'குழப்பம்'தான் நோய்க்கான துப்பே.

சரி, என்ன செய்யலாம்? மாதவிடாய் தொடங்கும் நாள், வலிப்பு வந்த நாள் இரண்டையும் மூன்று மாதம் காலண்டரில் குறியுங்கள். தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பிருந்து மூன்றாம் நாள்வரை வலிப்புகள் குவிந்தால், அதை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த நாட்களுக்கு மட்டும் குளோபாசம் போன்ற மாத்திரையைச் சிலருக்குத் தருவதுண்டு. நீங்களாக அளவைக் கூட்ட வேண்டாம். லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர் என்றால், ஈஸ்ட்ரோஜென் கலந்த கருத்தடை மாத்திரை அதன் அளவை ரத்தத்தில் பாதியாகக்கூடக் குறைத்துவிடும். அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், வீட்டாருக்கு ஒன்று: வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.