1752 செப்டம்பர் 3 அன்று பிரிட்டனில் என்ன நடந்தது?

ஒன்றும் நடக்கவில்லை. அங்கே அப்படி ஒரு நாளே வரவில்லை. 1752 செப்டம்பர் 2, புதன்கிழமை இரவு படுத்தவர்கள் எழுந்தது செப்டம்பர் 14, வியாழக்கிழமை. தேதியில் 11 நாள் போயிற்று, கிழமை வரிசை மட்டும் அறுபடவில்லை.

அதுவரை பிரிட்டன் பின்பற்றிய ஜூலியன் நாட்காட்டியில் ஆண்டுக்குச் சரியாக 365¼ நாள். உண்மையான ஆண்டு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. தினமும் கொஞ்சம் மெதுவாக ஓடும் சுவர்க் கடிகாரம் போலத்தான்: ஒரு நாளில் தெரியாது, விட்டுவிட்டால் ரயிலைத் தவற விடுவோம். ஏறக்குறைய 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். கத்தோலிக்க நாடுகள் 1582-இல், இன்று நாம் பின்பற்றும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறி முள்ளைத் திருப்பியபோது 10 நாள் போதுமானதாக இருந்தது. பிரிட்டன் தாமதித்ததில், ஜூலியன் கணக்குப்படி 1700 லீப் ஆண்டாகி இன்னொரு நாள் கூடிவிட்டது.

பழைய ஆவணம் படிப்பவர்களைக் குழப்புவது வேறொன்று. இங்கிலாந்தில் 1751 வரை புத்தாண்டு மார்ச் 25 (ஸ்காட்லாந்து 1600-லேயே ஜனவரி 1-க்கு மாறிவிட்டது). அதனால் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை துண்டிக்கப்பட்ட நாள் அன்றைய ஆங்கிலேயப் பதிவுகளில் 1648 ஜனவரி 30. நமக்கு அது 1649. ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான தேதி என்றால் ஆண்டை இருமுறை சரிபாருங்கள்.

“எங்கள் 11 நாளைத் திருப்பிக் கொடு” என்று மக்கள் கலவரம் செய்தார்கள் என்பார்கள். அதற்கு நம்பகமான சான்று இல்லை, அந்த முழக்கம் பிரபலமானது ஆங்கிலேய ஓவியர் ஹோகார்த் 1755 வாக்கில் வரைந்த கேலி ஓவியத்தால்.