ஆங்கிலத்தில் நாளை நடப்பதற்கெல்லாம் ‘வில்’ போட்டால் என்ன தப்பு?

ஆசிரியர் ‘வில்’லைச் சிவப்பு மையில் அடித்தது சரி. காரணம் சொல்லாமல் விட்டதுதான் குறை.

கேட்டவர் எழுதியது இது: ஏழாம் கிரேடு படிக்கும் மகள் தேர்வில் ‘வென் மை ஃபாதர் வில் கம், வி வில் கோ டு த பீச்’ என்று எழுதியிருக்கிறாள். முதல் ‘வில்’ சிவப்பு மையில் அடிபட்டிருக்கிறது, இரண்டாவது தப்பித்திருக்கிறது. அப்பா வருவதும் இனிமேல்தான், கடற்கரைக்குப் போவதும் இனிமேல்தான், பிறகு ஏன் இந்தப் பாரபட்சம் என்பது கேள்வி. நீங்கள் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மொரிஷியஸ் வந்து எபேன் பக்கம் குடியிருப்பவர் என்று ஊகிக்கிறேன். இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள், பதில் மாறாது.

இந்தத் தவறு தமிழிலிருந்து வரவில்லை, பிரெஞ்சிலிருந்து வருகிறது. பிரெஞ்சில் ‘கான்’ என்று, அதாவது ஆங்கில ‘வென்’ போலத் தொடங்கி இனி நடப்பதைச் சொன்னால் வினையும் எதிர்காலத்தில்தான் நிற்க வேண்டும்: ‘கான் மோன் பேர் வியாந்த்ரா’. மொரிஷியஸ் அரசியலமைப்பின் 49ஆம் பிரிவு நாடாளுமன்றத்தின் ஆட்சிமொழி ஆங்கிலம் என்கிறது. அதே மூச்சில் உறுப்பினர்கள் பிரெஞ்சிலும் பேசலாம் என்கிறது. பள்ளிக்கூடமும் அப்படித்தான். புத்தகம் ஆங்கிலம், காதில் விழுவது பிரெஞ்சும், அதிலிருந்து பிறந்த உள்ளூர்ப் பேச்சுமொழியான கிரியோலும். இன்னொன்றையும் கவனியுங்கள். பிரெஞ்சில் ‘சி’, அதாவது ஆங்கில ‘இஃப்’ போன்ற நிபந்தனைச் சொல்லுக்குப் பின் எதிர்காலம் வராது. அதனால்தான் ‘இஃப் ஹி கம்ஸ்’ என்று சரியாக எழுதும் பிள்ளை அடுத்த வரியிலேயே ‘வென் ஹி வில் கம்’ என்று எழுதுகிறது. கவனக்குறைவு என்று திட்டாதீர்கள்.

ஆங்கில விதி: வென், இஃப், ஆஸ் சூன் ஆஸ், அன்டில், பிஃபோர், ஆஃப்டர் ஆகியவற்றைத் தொடர்ந்து வரும் துணை வாக்கியத்தில் நிகழ்காலம், முதன்மை வாக்கியத்தில் மட்டும் ‘வில்’. இங்கே நம் தமிழ் கைகொடுக்கும். ‘அப்பா வரும்போது’, ‘வந்ததும்’, ‘வந்தால்’, ‘வரும்வரை’ என்று சொல்ல முடிந்தால் ‘வில்’ வேண்டாம். ‘அப்பா எப்போது வருவார் என்று தெரியவில்லை’ என்று சொல்ல வேண்டியிருந்தால் ‘வில்’ வேண்டும்: ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’. இரண்டாவதில் ‘வென்’ உண்மையில் கேள்விச் சொல், வாக்கியத்துக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ‘வென்னுக்குப் பின்னால் வில் வரவே கூடாது’ என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

அடுத்து, எல்லாவற்றுக்கும் ‘வில்’ போட்டால் என்ன? பெரும்பாலும் புரியும். ஆனால் சொல்பவரின் மனநிலை மாறிவிடும். எப்போது நடக்கும் என்பதை ஆங்கிலம் இங்கே பெரிதாகப் பார்ப்பதில்லை. பேசும் இந்த நிமிஷத்தில் காரியம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்க்கிறது. தைப்பூசக் காவடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘முருகா, தம்பிக்கு உடம்பு சரியானால் காவடி எடுப்பேன்’ என்பது வேண்டுதல், வாக்கு. ஆகவே ‘ஐ வில் கேரி’. ‘இந்த வருஷம் எடுக்கப் போறேன்’ என்றால் மனசுக்குள் முடிவு செய்தாயிற்று, வேறு ஏற்பாடு இல்லை: ‘ஐ ஆம் கோயிங் டு கேரி’. கோயிலில் பெயர் கொடுத்து, காப்புக் கட்டி, விரதமும் தொடங்கிய பிறகு ‘வர்ற ஞாயிறு காவடி எடுக்கிறேன்’ என்போமே, அது ‘ஐ ஆம் கேரியிங்’. மேடைத் தமிழை விட்டு வீட்டுப் பேச்சில் சொல்லிப் பார்த்தால் எடுப்பேன், எடுக்கப் போறேன், எடுக்கிறேன் மூன்றும் ஆங்கிலத்தின் மூன்றோடும் ஏறக்குறைய ஒத்துப்போகும்.

ஏறக்குறைய என்றுதான் சொன்னேன், சண்டைக்கு வராதீர்கள். போன் மணி அடிக்கிறது, ‘இரு, நான் எடுக்கிறேன்’ என்கிறோம். தமிழில் நிகழ்காலம், ஆங்கிலத்தில் அந்தக் கணத்தில் எடுத்த முடிவு, எனவே ‘ஐ’ல் கெட் இட்’. அங்கே ‘ஐ ஆம் கெட்டிங் இட்’ என்றால் ஒட்டாது. அதேபோல ‘ஆம் கேரியிங்’ வகைக்கு மனிதர் ஏற்பாடு செய்யக்கூடிய காரியம் தேவை. மழைக்கு யாரும் ஏற்பாடு செய்ய முடியாது, ஆகவே ‘இட் இஸ் ரெய்னிங் டுமாரோ’ தவறு. க்யூர்பிப் ஊரில் மேகம் கறுத்துக் கண்ணெதிரே இறங்குகிறதென்றால் ‘இட் இஸ் கோயிங் டு ரெய்ன்’. அத்தாட்சி இல்லாத வெறும் கருத்து என்றால் ‘ஐ திங்க் இட் வில் ரெய்ன்’. வானிலை அறிக்கையில் எல்லாம் ‘வில்’லாகவே இருக்கிறதே என்றால், அது அலுவலக எழுத்து நடை.

‘கோயிங் டு’வில் பிரெஞ்சு இன்னொரு வேலையும் செய்யும். ‘ழ வே மான்ழே’யில், அதாவது ‘சாப்பிடப் போகிறேன்’ என்பதில், நடுவே ஒட்டு எதுவும் கிடையாது, அதனால் ‘ஐ ஆம் கோயிங் ஈட்’ என்று ‘டு’ விழுந்துவிடும்.

அச்சிட்ட அட்டவணையிலோ நாட்காட்டியிலோ இருப்பதற்குச் சாதாரண நிகழ்காலம் போதும்: ‘த ஃப்ளைட் டு ரொட்ரிக்ஸ் லீவ்ஸ் அட் செவன்’, ‘காவடி ஃபால்ஸ் ஆன் எ சண்டே’.

தமிழிலிருந்தே வரும் தவறு ஒன்று உண்டு. இது பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம் அதிகம். ‘தாத்தா தினமும் கோயிலுக்குப் போவார்’ என்பதில் எதிர்கால வடிவம் வழக்கத்தைக் காட்டுகிறது. அதை அப்படியே ‘டெய்லி ஹி வில் கோ டு த கோவில்’ என்று எழுதினால் படிப்பவர் இனிமேல் போகப் போகிறார் என்று நினைப்பார். வழக்கத்துக்கு ‘கோஸ்’தான்.

‘வில் ஹாவ் ஃபினிஷ்ட்’ பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். ‘பை ஃப்ரைடே’ போல ஒரு கெடு வரும் இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். ‘வில் பி யூசிங்’ மட்டும் உங்களுக்கே அலுவலகத்தில் உதவும். ‘வில் யூ யூஸ் த மீட்டிங் ரூம்?’ கொஞ்சம் வேண்டுகோள் போலத் தொனிக்கும். ‘வில் யூ பி யூசிங் த மீட்டிங் ரூம்?’ என்றால் உங்கள் திட்டம் என்ன என்று வற்புறுத்தாமல் விசாரிப்பது.

ஆங்கிலத்தில் எதிர்காலம் என்ற காலமே கிடையாது, ‘வில்’ ஒரு துணைவினை மட்டுமே என்று மொழியியல் படித்தவர்கள் கீழே எழுதுவீர்கள். தெரியும். அதைத் தேர்வுத்தாளில் எழுதினால் மார்க் வராது.

இன்னொரு கூட்டம், கிரியோல் பேசுவதால்தான் பிள்ளைகளின் ஆங்கிலம் கெடுகிறது என்று ஆரம்பிக்கும். கிரியோலில் உறுதியாக நடக்கப்போவதற்கு ‘பூ’, நடந்தாலும் நடக்கலாம் என்பதற்கு ‘ஆவா’ என்று தனித்தனியே இருக்கிறது. 2012 முதல் ஆரம்பப் பள்ளியில் விருப்பப் பாடமாகவும் இருக்கிறது. பழியைப் போட வேண்டிய இடம் ‘லெசோன்’ என்கிற டியூஷன். காலையில் வகுப்பில் பாதியில் நிற்கும் பாடம் மாலையில் அதே வாத்தியாரிடம் காசுக்கு முழுமையாகக் கிடைக்கிறது. அங்கே கொடுக்கும் ஜெராக்ஸ் தாளிலோ, ‘வில்’லும் ‘கோயிங் டு’வும் இரண்டுமே பொருந்தும் கோடிட்ட இடத்துக்கு ஒரே விடைதான் சரி என்று மார்க் குறைக்கிறார்கள். அப்படிக் குறைத்திருந்தால் போய்க் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

மகளின் வாக்கியத்தைத் திருத்தும்போது ‘வில்’லை மட்டும் எடுத்துவிட்டு ‘வென் மை ஃபாதர் கம்’ என்று விட்டுவிடுவாள். அதற்கும் ஒரு சிவப்புக் கோடு விழும். ‘வில்’ போன இடத்தில் ‘கம்ஸ்’ என்று ‘எஸ்’ சேர்க்க வேண்டும்.