சராசரி மனிதர் எந்த ஊர்க்காரர்?

கேள்வி: மனித மனமும் சமூகமும் எண்ணுக்குள் அடங்காதவை. அப்படியிருக்க, ஒரு சராசரி மனிதனைப் புரிந்துகொள்ள அறிவியலும் கணிதமும் எப்படி உதவும்?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: அறிவியலுக்கு அப்புறம் வருவோம். போகிற போக்கில் ‘ஒரு சராசரி மனிதன்’ என்று எழுதிவிட்டீர்களே, அவரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்க விமானப்படை அவரை நம்பித்தான் விமானி உட்காரும் அறையையே கட்டியிருந்தது. 1926-இல் எடுத்த உடல் அளவுகளின் சராசரிக்கு ஏற்ற இருக்கை, எட்டும் தூரத்தில் கைப்பிடி. ஜெட் விமானங்கள் வந்து வேகம் கூடியபோது விபத்துகள் பெருகின. அளவு பழசாகிவிட்டது போலிருக்கிறது, பையன்கள் வளர்ந்துவிட்டார்கள் என்று நினைத்து 1950-இல் 4,063 விமானிகளைப் புதிதாக அளந்தார்கள். அந்தக் குழுவில் கில்பர்ட் டேனியல்ஸ் என்றொரு இளம் அதிகாரி. உயரம், மார்புச் சுற்றளவு, கை நீளம் என்று பத்து அளவுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் நடுவில் வருகிற 30 சதவீதம் பேரைச் சராசரி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டு, பத்திலும் சராசரியாக இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருவர்கூட இல்லை!

இதில் மாயம் எதுவுமில்லை, பெருக்கல்தான். ஓர் அளவில் 30 சதவீதம் பேர் தேறுவார்கள். அளவுகளுக்குள் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால் இரண்டில் தேறுவோர் 9, மூன்றில் 2.7 சதவீதம்தான். உயரமானவருக்குக் கையும் கொஞ்சம் நீளமாக இருக்கும் என்பதால் நிஜத்தில் சற்றுக் கூடும், அப்படியும் மூன்று அளவிலேயே 3.5 சதவீதம்கூடத் தேறவில்லை. அதற்குப் பிறகுதான் முன்னும் பின்னும் நகர்த்துகிற இருக்கை, இழுத்துச் சரிசெய்துகொள்கிற வார் எல்லாம் விமானத்துக்குள் வந்தன.

மனிதனைச் சராசரிக்குள் அடைக்க முடியாது என்று நிரூபித்துக் காட்டியது கணிதம். ‘புள்ளிவிவரம் மனிதனை எண்ணாக்கிவிட்டது’ என்று மேடையில் கைதட்டு வாங்குகிற இலக்கிய நண்பர்களோடு இதே பக்கத்தில் பலமுறை மல்லுக்கு நின்றிருக்கிறேன், இனியும் நிற்பேன். அளவுநாடாவைத் தூக்கிப் போட்டிருந்தால் அந்த விமானிகள் இன்னும் கொஞ்ச காலம் செத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் சராசரி மனிதன் என்ற ஆளைப் படைத்தவரும் ஒரு கணிதக்காரர்தான். பெல்ஜியத்து வானியலாளர் அடால்ஃப் கெட்லே. வானத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பலமுறை அளந்தால் அளவுகள் ஒரு நடுப்புள்ளியைச் சுற்றிச் சிதறும், நடுப்புள்ளி உண்மை, சிதறல் பிழை. ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் 5,738 பேரின் மார்பளவைப் பார்த்தார், அதுவும் அப்படியே சிதறியிருந்தது. சரி, இங்கேயும் சராசரிதான் இயற்கை விரும்பிய மனிதன், மற்றவர்கள் அதன் பிழைகள் என்று முடிவுகட்டினார். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. நட்சத்திரம் ஒன்று, அளவு பல. வீரர்களோ 5,738 பேருமே நிஜம், அதில் யார் பிழை? குற்றங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் நடக்கின்றன, ஆகவே சமூகத்துக்கும் அதில் பங்குண்டு என்று 1830-களிலேயே சொன்ன பெரிய மூளை அவருடையது. அவரே இப்படி வழுக்கினார்.

அவர் விட்டுப்போன இன்னொன்று மருத்துவமனைச் சுவரில் தொங்குகிறது: எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிற பிஎம்ஐ. மக்கள்தொகையை ஆராயப் பிறந்த கணக்கு அது. 25-ஐத் தாண்டினால் கூடுதல் எடை என்பது உலக வழக்கம். இந்தியர்களுக்கு நம் மருத்துவர்கள் 23-லேயே எச்சரிக்கிறார்கள், ஏனென்றால் அதே எண்ணில் நம் உடலில் கொழுப்பு அதிகம்.

மனதைப் பற்றியும் கேட்டீர்கள். 1981-இல் உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் வெளியிட்ட சோதனை ஒன்று. 600 பேரைக் கொல்லக்கூடிய நோய், இரண்டு திட்டங்கள். முதலாவதில் முடிவு உறுதி. இரண்டாவது சூதாட்டம்: எல்லாரும் பிழைக்கலாம், ஒருவரும் பிழைக்காமலும் போகலாம். முதல் திட்டத்தில் ‘200 பேர் நிச்சயம் பிழைப்பார்கள்’ என்று சொன்னபோது 72 சதவீதம் பேர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே திட்டத்தை வேறொரு குழுவிடம் ‘400 பேர் சாவார்கள்’ என்று சொன்னபோது 22 சதவீதம் பேர்தான் எடுத்தார்கள். எண்ணிப் பார்க்காமல் இதை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் நீங்கள் அந்த 72-இல் ஒருவரா, மீதி 28-இல் ஒருவரா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. கூட்டத்தைப் பற்றிய செய்தியைத் தனி ஆளின் நெற்றியில் ஒட்டுகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை, தனிநபர் வருமானத்தைக் காட்டி ஏழ்மை ஒழிந்தது என்பவர்கள் உட்பட.

நம் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் திட்ட விலக்கம் இருக்கிறது. சிதறலை அளக்கும் கருவி அதுதான். பிள்ளைகள் சூத்திரத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள், எதற்கென்று சொல்வாரில்லை. ஆசிரியர்களே, ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். உட்கார்ந்த நிலையில் முழங்கால் உயரத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் அளக்கச் சொல்லுங்கள், சராசரியும் திட்ட விலக்கமும் போடச் சொல்லுங்கள், பிறகு எல்லாருக்கும் ஒரே உயரத்தில் செய்துபோட்டிருக்கிற பெஞ்சையும் அளந்து தலைமை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள்.