வரம்புக்குள் இருக்கும் நீரும் குழந்தையின் இரத்தமும்

கேள்வி: எங்கள் குடிநீரைச் சுத்திகரிப்பு நிலையத்தில் சோதித்து, ஈயம் உட்பட எல்லாமே வரம்புக்குள் இருப்பதாக அறிவித்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். நீரைச் சோதித்தது போதாதா?

பதில்: போதாது. நிலையத்தில் எடுத்த மாதிரி, அங்கிருந்து வெளியேறும் நீரின் தன்மையை மட்டுமே சொல்லும். உங்கள் பிள்ளையின் தம்ளரில் இருப்பதைச் சொல்லாது. குடிநீரில் ஈயம் பெரும்பாலும் ஆற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ வருவதில்லை. பழைய ஈயக் குழாய், குழாய்களை இணைக்க உருக்கி ஊற்றும் ஈயம் கலந்த பற்றாசு, பித்தளைக் குழாய்முனை ஆகியவற்றில் நீர் தேங்கி நிற்கும்போது கரைந்து சேர்கிறது. அதற்கு நிறமோ சுவையோ மணமோ இல்லை.

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் நடந்தது இதுதான். 2014 ஏப்ரலில் ஆற்று நீருக்கு மாறியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்காமல் விட்டதால், குழாய்களின் உட்புறத்தில் பல ஆண்டுகளாகப் படிந்து காப்பாக இருந்த படலம் அரிபட்டு, ஈயம் வீட்டு நீரில் கலந்தது. மாதிரி எடுப்பதற்கு முன் குழாயைத் திறந்து நீரை ஓடவிடும்படி குடியிருப்போரிடம் சொல்லப்பட்டிருந்ததால், உண்மையான அளவு முழுதாக வெளிப்படவில்லை. குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா, குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை 2015 செப்டம்பரில் வெளியிட்ட பிறகுதான், அடுத்த மாதம் நகரம் பழைய நீருக்குத் திரும்பியது.

ஆகவே மாதிரியை எங்கே, எப்போது எடுத்தார்கள் என்று கேளுங்கள். குறைந்தது 6 மணி நேரம் யாரும் குழாயைத் திறக்காதிருந்து, விடிந்ததும் முகம் கழுவுவதற்குக்கூடத் திறக்கும் முன், வழக்கமான வேகத்தில் விழும் முதல் ஒரு லிட்டரைப் பிடிக்க வேண்டும். குழாய்முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றக்கூடாது. ஈயத் துகள்கள் அங்கேதான் தங்கும்.

இரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடக்கூடாது. இரத்தத்தில் சேர்ந்த ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்து, ஒரு பகுதி எலும்பில் போய்த் தங்கிவிடுகிறது. தாமதமாகப் பார்த்தால், தீங்கு நடந்திருந்தும் எண் சிறியதாகவே தெரியும். உரிய காலத்தில் அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை வேறொரு நச்சான பாதரசம் காட்டியது. ஜப்பானின் மினமாட்டா நகரில், தொழிற்சாலைக் கழிவிலிருந்து மீன் வழியாக மக்களுக்குச் சென்ற பாதரசத்தால் வந்த நோய் 1956-இல் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. நச்சு பரவிய ஆண்டுகளின் அளவுகள் போதிய அளவு பதிவாகாத நிலையில், தாய்மார்கள் உலர்த்திப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த தொப்புள்கொடிகளைப் பின்னாளில் சோதித்துத்தான், எந்தெந்த ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளுக்குக் கருவிலேயே பாதரசம் சென்றது என்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். பிள்ளையின் நினைவாக எடுத்துவைத்த ஒன்று சான்றாக மாற வேண்டிய நிலை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது. குழந்தையின் உடலில் அளந்து மாசைக் கண்டுபிடிப்பதைக் கண்காணிப்பின் வெற்றியாக என்னால் ஏற்க முடியவில்லை. முந்தைய காவல்கள் எல்லாம் தவறிய பிறகு எஞ்சும் கடைசிக் காவல் அது. உங்கள் மருத்துவர் சொல்வது சரி, ஆனால் குழாய்முனைச் சோதனையையும் சேர்த்தே கேளுங்கள்.

கேள்வி: நீரைக் கொதிக்கவைத்தால் ஈயம் போய்விடுமா?

பதில்: போகாது. கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும். நீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிஞ்சிய நீரில் ஈயத்தின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். சுடுநீர்க் குழாயில் பிடித்த நீரைச் சமையலுக்கும் குழந்தைக்குப் பால் கலக்கவும் பயன்படுத்தாதீர்கள், ஏனெனில் வெந்நீரில் ஈயம் இன்னும் எளிதாகக் கரையும்.