மான் கறி வேண்டாம், ஆட்டு முதுகுச் சதை போதும்

கேள்வி: டெக்சாஸில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே நண்பர் வேட்டையாடிக் கொடுத்த மான் கறியை மெல்லிசாக நறுக்கி, முட்டையில் தோய்த்து, பிரெட் தூளில் புரட்டிப் பொரித்துப் படம் அனுப்பினான். அதே மாதிரி இங்கே ஆட்டுக்கறியில் செய்து பார்த்தேன். மேல்மாவு பாதி எண்ணெயிலேயே கழன்று போயிற்று, கறியைக் கடிக்க முடியவில்லை. எங்கே தவறு? கோடியக்கரைப் பக்கம் மான் கறி வாங்கித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? (வாசகி, திருத்துறைப்பூண்டி)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். வாங்கக் கூடாது. 1967-இல் சரணாலயமான கோடியக்கரையில் திரிகிற வெளிமான், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொல்வது மட்டுமல்ல, அதன் இறைச்சியை வைத்திருந்தாலும் குற்றம். தண்டனை மூன்று ஆண்டில் தொடங்கி ஏழு ஆண்டு வரை சிறை, கூடவே குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். புள்ளிமானுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. உங்கள் மகன் இருக்கும் ஊரில் உரிமம் வாங்கிக்கொண்டு, பருவம் பார்த்து வேட்டையாடலாம். அந்தக் கதை அங்கேயே இருக்கட்டும். ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லவும் வேண்டாம். இறக்குமதி அனுமதி இல்லாத இறைச்சியை விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்கள்.

இழப்பு ஒன்றுமில்லை. மான் கறியின் குணம் வெள்ளாட்டுக் கறிக்கும் உண்டு. இரண்டிலும் சதைக்குள் கொழுப்பு மிகக் குறைவு. அதனால்தான் இரண்டும் எண்ணெயில் ஒரு நிமிடம் கூடுதலாகக் கிடந்தாலே வறண்டு இறுகிவிடும். அறுப்பு முடிந்த வயலில் கிடை போடும் செம்மறியின் கறியில் கொழுப்பு அதிகம். குழம்புக்கு அருமை, இதற்கு வேண்டாம்.

எண்ணெய் கறியை மெதுவாக்காது. உங்கள் சிக்கலின் வேர் இதுதான். குழம்பில் கறி பஞ்சாவதற்குக் காரணம், தண்ணீரில் நெடுநேரம் கொதிக்கும்போது சதையிலுள்ள ஜவ்வு கூழாகக் கரைவது. பொரிப்பதோ மூன்று நாலு நிமிட வேலை. அதற்குள் எந்த ஜவ்வும் கரையாது, சுருங்கத்தான் செய்யும். ஆகவே சட்டியில் இறங்கும்போதே கறி மெதுவாக இருக்க வேண்டும்.

உங்கள் மகன் பெரும்பாலும் மானின் முதுகுச் சதையைத்தான் எடுத்திருப்பார். முதுகெலும்பின் இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் அந்தச் சதைக்கு உழைப்பு குறைவு, ஆகையால் மென்மை அதிகம். நம் கறிக்கடையில் அதைத்தான் எலும்போடு சாப்ஸாகத் துண்டு போட்டுவிடுகிறார்கள். “சாப்ஸ் போடாதீங்க பாய், முதுகுச் சதையை எலும்பில்லாம முழுசா எடுத்துக் குடுங்க” என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கூட்டத்தில் கேட்டால் முறைப்புதான் கிடைக்கும்; வேறு நாளில் போங்கள். அது கிடைக்காவிட்டால் பின் தொடை. முன்சந்து இதற்கு ஆகாது. கிடா முற்றியிருந்தால் வீச்சம் அடிக்கும். அந்த வாடை பெரும்பாலும் கொழுப்பில் இருப்பதால், வெள்ளைக் கொழுப்பையும் ஜவ்வையும் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டாலே பெருமளவு போய்விடும்.

இன்னொன்றை நம் பக்கத்தில் யாரும் கவனிப்பதில்லை. விடியற்காலையில் அறுத்த ஆடு, நம் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு இலையில் இருக்கும். உயிர் போன சில மணி நேரத்தில் சதை விறைத்துக்கொள்ளும். அது தளர ஒரு நாளாவது வேண்டும். குழம்பாக வேகவைத்தால் இந்த விறைப்பு தெரியாது, பொரித்தால் பல்லுக்குத் தெரிந்துவிடும். அமெரிக்க வேட்டைக்காரர்கள் மானைக் குளிரில் சில நாள் தொங்கவிட்ட பிறகே துண்டு போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நம் வெக்கையில் தொங்கவிட முடியாது. சனிக்கிழமை வாங்கி, கழுவாமல் மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, ஞாயிறன்று பொரியுங்கள். வாங்கி வந்ததும் ஃப்ரீசரில் போட்டால் சதை இன்னும் சுருங்கிக்கொள்ளும்.

நறுக்குவதற்கு அரை மணி நேரம் முன்பு மட்டும் ஃப்ரீசரில் வையுங்கள். லேசாக இறுகினால் கத்தி வழுக்காது. நார் ஓடும் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்கே ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வெட்டி, குழவியால் தட்டி அரை சென்டிமீட்டராக்குங்கள். ஓங்கி அடித்தால் கிழிந்துவிடும். தொடைக்கறி என்றால் அரைக் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் பச்சைப் பப்பாளி விழுது தடவி முக்கால் மணி நேரம் வைக்கலாம். பப்பாளிப் பால் நாரை அறுக்கும். இரவு முழுக்க விட்டால் மேற்புறம் சேறு மாதிரி ஆகிவிடும். முதுகுச் சதைக்குப் பப்பாளி வேண்டியதே இல்லை.

இனி மேல்மாவு. அது கழன்றதற்குக் காரணம் ஈரம். தயிரும் இஞ்சி பூண்டு விழுதும் தடவி ஊறவைத்து, அப்படியே மாவில் புரட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஈரம் எண்ணெயில் ஆவியாகி, மேல்மாவை உள்ளிருந்து தள்ளிவிடும். உப்பு, மிளகாய்த்தூள், மிளகு, இஞ்சி பூண்டுச் சாறு எல்லாவற்றையும் கறியில் மட்டும் தடவி அரை மணி ஊறவிட்டு, பிறகு வழித்துவிட்டு, சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். மிளகாய்த்தூளை வெளித்தூளில் கலந்தால் கறுத்துக் கசக்கும்.

முதலில் மைதா, மெல்லிய பூச்சாக. கூடுதலை உதறிவிட வேண்டும். அடுத்து, ஒரு ஸ்பூன் பால் விட்டு அடித்த முட்டை. கடைசியில் பிரெட் தூளில் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். மைதா முட்டையைப் பிடிக்கும், முட்டை தூளைப் பிடிக்கும். ஒன்றைத் தாண்டினால் மூன்றும் வீண். நம் பேக்கரி மில்க் பிரெட்டிலும் ரஸ்க்கிலும் சர்க்கரை இருப்பதால் கறி வேகும் முன்னே தூள் கருகும். உப்பு பிரெட் அல்லது சர்க்கரை சேராத சாதா பிரெட் கேட்டு வாங்கி, தோசைக்கல்லில் சிறு தீயில் காயவைத்துப் பொடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டப்பாவில் இருக்கும் தூள்கூட நமுத்துவிடும், மறுபடி வறுக்காமல் தொடாதீர்கள். கொஞ்சம் அரிசி மாவு கலந்தால் மொறுமொறுப்பு கூடும். புரட்டிய துண்டுகளைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் பூச்சு பிடித்துக்கொள்ளும்.

எண்ணெய் 175 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சின்ன பிரெட் துண்டைப் போடுங்கள். ஒரு நிமிடத்தில் பொன்னிறமானால் சரி. செக்குக் கடலையெண்ணெய் சீக்கிரம் நுரைத்துப் புகையும், இந்த ஒரு வேலைக்கு ரீஃபைண்ட் நல்லது. ஒரு தடவைக்கு மூன்று துண்டு, அதற்கு மேல் போட்டால் சூடு இறங்கி மாவு எண்ணெய் குடிக்கும். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம், ஒரே ஒரு முறை திருப்பினால் போதும். செய்தித்தாளில் வடிக்க வேண்டாம். மை சாப்பாட்டில் ஏறும், அடிப்பக்கமும் நமுத்துப்போகும். கம்பித் தட்டில் வையுங்கள்.

கிடைத்தது முற்றல் கறிதான் என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள். சற்றுத் தடிமனாக நறுக்கி, உப்பு, மஞ்சள், இஞ்சி சேர்த்துக் குக்கரில் நாலு விசில் வேகவைத்து, முழுக்க ஆறவிட்டு, ஒற்றி எடுத்து, மேலே சொன்னபடி மாவு பூசி நிறம் வரும் வரை மட்டும் பொரித்தெடுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ரசத்துக்கு ஆகும். என்னைக் கேட்டால், வீட்டில் பல் சரியில்லாத பெரியவர்கள் இருந்தால் எந்தக் கறியானாலும் இப்படியே செய்வேன்.

பொரித்த எண்ணெயில் தூள் உதிர்ந்து கிடக்கும். ஆறியதும் துணியில் வடிகட்டி, இரண்டு நாளுக்குள் தாளிக்கவோ குழம்புக்கோ தீர்த்துவிடுங்கள். இன்னொரு முறை பொரிக்க அது வேண்டாம்.