தக்காளிச் செடியின் நுனி இலைகள் சுருண்டு மஞ்சளாகின்றன, பூவும் உதிர்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

கொழுந்து இலைகள் சிறுத்து, கிண்ணம் போல மேல்நோக்கி மடிந்து, ஓரம் மஞ்சளாகி, பூத்த பூவெல்லாம் கொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இது பெரும்பாலும் இலைச்சுருள் வைரஸ்தான். இதைக் குணமாக்க மருந்து கிடையாது. செடியைப் பிடுங்க வேண்டியதுதான். ஆனால் உடனே போய்ப் பிடுங்கிவிடாதீர்கள், அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

முதலில் நோய் இதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கடும் வெயிலிலும் தக்காளி இலை சுருளும். அது அடியில் இருக்கும் முற்றிய இலைகளில் தொடங்கும். இலை தடித்துச் சுருட்டிக்கொள்ளுமே தவிர பச்சை மாறாது, நுனி வழக்கம்போல் வளர்ந்துகொண்டே இருக்கும். வைரஸ் என்றால் கதை தலைகீழ். பழைய இலைகள் நன்றாக இருக்க, புதிதாக வரும் கொழுந்துதான் கெடும். கணுவுக்குக் கணு இடைவெளி குறுகி, செடியின் தலை துடைப்பம் போல ஆகிவிடும். வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத்திட்டாக இருந்தால் அது தேமல் நோய். அதுவும் வைரஸ்தான், ஆனால் கை, கத்தி, விதை மூலம் பரவுகிற வேறு இனம். பக்கத்தில் யாராவது களைக்கொல்லி அடித்திருந்தாலும் இலை முறுக்கிக்கொள்ளும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலில் இதைப் பார்த்தபோது சத்துக் குறைபாடு என்று நினைத்தேன். நுண்ணூட்டம் தெளித்தேன், உரம் வைத்தேன், நுனியைக் கிள்ளிவிட்டேன். கிள்ளிய இடத்தில் வந்த பக்கக் கிளையும் அதே சுருளோடுதான் வந்தது. 'இரண்டு காய் பிடித்திருக்கிறதே, பழுக்கட்டும்' என்று விட்டுவைத்த அந்த ஒரு செடியிலிருந்து, மாதம் முடிவதற்குள் மற்ற ஐந்துக்கும் வந்துவிட்டது. ஆசைப்பட்ட அந்த இரண்டு காயும் கோலிக்குண்டு அளவுக்கு மேல் வளரவே இல்லை.

பரப்புவது வெள்ளை ஈ. செடியைத் தட்டினால் மாவு தூவியதுபோல் கிளம்பிப் பறந்து, மறுபடி இலையின் அடியில் போய் உட்காருமே, அதுதான். நோயுள்ள செடியில் பதினைந்து இருபது நிமிடம் சாறு குடித்தாலே வைரஸ் அதற்குள் போய்விடும். குடலைக் கடந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். வந்துவிட்டால் பிறகு வாரக்கணக்கில், சில சமயம் சாகும்வரை, அந்த ஈ போகிற செடிக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கும். மருந்தடித்து ஏன் இதைத் தடுக்க முடிவதில்லை என்பது இங்கேதான் புரியும். வெளியிலிருந்து வரும் ஈ, நீங்கள் அடித்த மருந்தில் செத்தே விழட்டும். அதற்கு முன் சில நிமிடம் குடித்திருந்தால் போதும், காரியம் முடிந்தது. செடியில் அறிகுறி தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். நீங்கள் இன்று பார்ப்பது என்றைக்கோ நடந்த கடி.

இப்போது அந்த முன்வேலை. நோயுள்ள செடியை அப்படியே ஆட்டிப் பிடுங்கினால் அதிலிருக்கும் ஈக்களெல்லாம் பறந்து பக்கத்துச் செடியில் உட்காரும். நோயை நாமே பங்கு போட்டுக் கொடுத்த மாதிரி. அதனால் விடியற்காலையில், ஈக்கள் மந்தமாக இருக்கும்போது, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். மேலே தெளித்தால் வீண். முட்டை, குஞ்சு எல்லாம் அடியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு ஒரு பெரிய பையைச் செடியின் மேல் கவிழ்த்து, அடித்தண்டை வெட்டி, வாயைக் கட்டி வெயிலில் போடுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கலாம். அது ஈக்கள் வந்துவிட்டன என்று காட்டிக்கொடுக்கும், ஆனால் அதை மட்டும் நம்பிச் செடியைக் காப்பாற்ற முடியாது.

மண்ணை மாற்ற வேண்டியதில்லை. இந்த வைரஸ் மண்ணில் தங்காது, அதே தொட்டியில் மறுபடி நடலாம். பிடித்த காயைச் சாப்பிடலாம், மனிதரை இது ஒன்றும் செய்யாது. நோயுள்ள செடியின் கிளையை ஒடித்து நட்டு மட்டும் வளர்க்காதீர்கள், வைரஸும் கூடவே வரும்.

அடுத்த முறை கவனம் முழுவதும் நாற்றுப் பருவத்தில் இருக்கட்டும். இளஞ்செடியில் தொற்றினால் காய்ப்பே இருக்காது, காய்த்த பிறகு தொற்றினால் ஓரளவாவது தேறும். விதை போட்ட நாளிலிருந்தே ஈ நுழையாத நெருக்கமான வலைக்குள் வையுங்கள். கொசுவலைக் கண் இதற்குப் பெரிது, 50 மெஷ் வலை, அதாவது ஓர் அங்குல நீளத்தில் 50 கண் உள்ள வலை வேண்டும். நட்ட பிறகும் பூவெடுக்கும்வரை மூடிவைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. எதிர்ப்பு ரகங்களும் இருக்கின்றன. காட்டுத் தக்காளி இனங்களிலிருந்து எதிர்ப்புத் திறனை எடுத்துக் கலந்து உருவாக்கியவை. அவற்றுக்குள்ளும் வைரஸ் நுழையலாம், ஆனாலும் செடி சமாளித்துக் காய்க்கும். வெள்ளை ஈ தொல்லை அதிகமுள்ள பருவத்தில் நான் இப்போது அந்த ரகங்களைத் தவிர வேறு போடுவதில்லை.

பக்கத்தில் ஊமத்தையோ மணத்தக்காளியோ தானாக முளைத்திருக்கிறதா பாருங்கள். தக்காளி இல்லாத மாதங்களில் இந்த வைரஸ் தங்கியிருக்கும் வீடுகளில் அவையும் சேர்த்தி. ஊமத்தையை யோசிக்காமல் பிடுங்கிவிட்டேன். மணத்தக்காளியைப் பிடுங்க மனம் வரவில்லை, இரண்டு வாரம் தள்ளிப்போட்டுத்தான் செய்தேன்.