கழற்றப்பட்ட 24 போல்ட்டுகள்

கேள்வி: செயற்கைக்கோளைத் தரையில் ஆயத்தப்படுத்தும்போது மனிதர்கள் செய்யக்கூடிய தவறுகளை முன்கூட்டியே கணிக்க முடியுமா? ஒருவர் செய்வதை இன்னொருவர் சரிபார்த்தால் போதாதா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: இன்னார் இன்ன நாளில் தவறுவார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால், இன்ன வேலை இன்ன சூழலில் எத்தனை முறைக்கு ஒரு முறை பிசகும் என்று மதிப்பிட முடியும். தாங்கள் கேட்ட இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

2003 செப்டம்பர் 6, சனிக்கிழமை. அமெரிக்காவின் சன்னிவேலில் உள்ள லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் கூடத்தில், நோவா என்-பிரைம் என்னும் வானிலைச் செயற்கைக்கோளை நிமிர்ந்த நிலையிலிருந்து கிடைநிலைக்குச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாங்கும் தகட்டைச் சாய்க்கும் வண்டியோடு பிணைக்க வேண்டிய 24 போல்ட்டுகளில் ஒன்றுகூட அங்கே இல்லை; வேறொரு செயற்கைக்கோளின் பணியாளர்கள் அவற்றைக் கழற்றிவிட்டு, அதை ஏட்டில் குறிக்காமல் விட்டிருந்தார்கள். செயற்கைக்கோள் சரிந்து, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுந்தது. அதைச் சீர்செய்ய 13.5 கோடி டாலர் ஆயிற்று. 2009 பிப்ரவரியில்தான் அது விண்ணுக்குச் சென்றது.

போல்ட் இருக்கிறதா என்று பார்க்கும் படி செய்முறை ஏட்டில் இல்லாமல் இல்லை. பழைய பதிவை நம்பி, நேரில் பாராமலே அந்தப் படியைக் கடந்துவிட்டார்கள். துளைகள் காலியாக இருப்பதாகப் பணியாளர் ஒருவர் சொல்லியும் இருக்கிறார். அந்தப் பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதுதான் நாசா விசாரணை அறிக்கையில் என்னை மிகவும் உறுத்திய இடம்.

இனி கணக்குக்கு வருவோம். மனிதத் தவறுகளின் வாய்ப்பை மதிப்பிட, அணுமின் நிலையங்களுக்காக ஆலன் ஸ்வெய்ன் என்னும் ஆய்வாளர் உருவாக்கிய, 1983இல் கையேடாக வெளிவந்த முறை விண்வெளித் துறைக்கும் பொருந்தும். செய்பவர், சரிபார்ப்பவர் இருவரும் தலா நூற்றுக்கு ஒரு முறை தவறுவதாக வைத்துக்கொண்டால், இருவரும் சேர்ந்து தவறுவது பத்தாயிரத்துக்கு ஒன்று என்றே நமக்குத் தோன்றும். ஆனால் முதலாமவரின் கையெழுத்தைப் பார்த்ததும் இரண்டாமவரின் கண் தளர்ந்துவிடுகிறது. இந்தச் சார்பு மிகுதியாக உள்ள இடத்தில், முதலாமவர் தவறிய பிறகு இரண்டாமவரும் தவறும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி என்கிறது ஸ்வெய்னின் சூத்திரம். அப்படியானால் பத்தாயிரத்துக்கு ஒன்று என்று நாம் நினைத்த விபத்து, இருநூற்றுக்கு ஒன்றாகிவிடுகிறது. மூன்றாவதாக ஒருவரை நிறுத்தினாலும், அவரும் அதே காகிதத்தைத்தான் பார்ப்பார் என்றால் பலன் சொற்பமே. அவர் காகிதத்தைத் தொடாமல் துளைகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினால் கணக்கு மாறும்.